மறுமுனையில் யாரும் இல்லாத தொலைபேசி

பாப் நியூஹார்ட் 2024 ஜூலையில் தமது 94ஆம் வயதில் மறைந்த செய்தியைப் படித்த அன்று, அவருடைய பழைய ஒலிப்பதிவுகளை இரவு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்காவைச் சிரிக்க வைத்த அந்தக் கலைஞரிடம் என்னை மிகவும் ஈர்ப்பது, பேச்சின் நடுவே அவர் விடும் இடைவெளிதான்.

சிகாகோவில் அவர் பார்த்த கணக்காளர் வேலை அவருக்கு ஒட்டவில்லை. பிறகு விளம்பர வாசகங்கள் எழுதிக்கொண்டிருந்த நாட்களில், சக ஊழியர் ஒருவருடன் தொலைபேசியில் வேடிக்கையாகப் பேசிப் பதிவு செய்து வானொலி நிலையங்களுக்கு அனுப்பிவந்தார். அந்த நண்பர் விலகிக்கொண்டதும் இருவர் உரையாடலில் ஒருவர் பேச்சு மட்டும் மிஞ்சியது. அதையே அவர் தமது பாணியாக ஆக்கிக்கொண்டார்.

அவருடைய ஒரு துணுக்கில், பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலக் கடலோடி வால்டர் ராலே அயல்நாட்டிலிருந்து தொலைபேசியில் அழைத்து, 80 டன் இலைகளைக் கப்பலில் அனுப்புவதாகச் சொல்கிறார். புகையிலையைப் பற்றி எதுவும் அறியாத இங்கிலாந்து அதிகாரியாக நியூஹார்ட் அதைக் கேட்டுக்கொள்கிறார். இலையைத் துண்டாக்கிக் காகிதத்தில் சுருட்ட வேண்டும் என்பதை ஒருவாறு ஏற்றுக்கொள்ளும் அந்த மனிதர், அதை உதட்டில் வைக்க வேண்டும் என்றதும் தடுமாறுகிறார். அடுத்து ராலே ஏதோ சொல்கிறார்; நமக்குக் கேட்பதில்லை. சிறிது நேரம் அமைதி. அதற்கு நெருப்பா வைக்கிறீர்கள் என்று இவர் மெல்லக் கேட்பதற்குள், கேட்காத அந்த வாக்கியத்தை நாமே மனத்துக்குள் எழுதி முடித்திருப்போம்.

இயல்பாகவே அவருக்கு இருந்த திக்குவாயும் இந்த அமைதியோடு கலந்துவிட்டது. அதை மறைக்க அவர் முயன்றதே இல்லை என்பது எனக்குப் பெரிய விஷயமாகவே படுகிறது.

1960இல் ஹூஸ்டன் நகர இரவு விடுதி ஒன்றில் அவருடைய முதல் ஒலித்தட்டு பதிவானது. அதற்கு முன் அவர் அத்தகைய மேடையில் ஏறியதே இல்லை. அந்தத் தட்டு, அமெரிக்க ஒலித்தட்டு விற்பனையை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆண்டின் சிறந்த ஆல்பம், சிறந்த புதுமுகம் ஆகிய கிராமி விருதுகள் இரண்டும் அவருக்கே கிடைத்தன.

தொலைக்காட்சியில் அவருக்கென அமைந்த பெரிய தொடரில் (1972–78) அவர் ஏற்றது உளவியலாளர் பாத்திரம். பிறர் சொல்வதை முகத்தில் சலனம் அதிகம் காட்டாமல் கேட்டுக்கொண்டிருப்பதே அந்தத் தொழில் என்பதால், மேடையில் பழகிய கலை அப்படியே வீட்டுத் திரைக்கு இடம்பெயர்ந்தது. மறுமுனையில் இப்போது உண்மையான மனிதர்கள் இருந்தார்கள் என்பதுதான் வேறுபாடு. 1982இல் தொடங்கிய அடுத்த தொடரில் வெர்மான்ட் மாநிலத்தில் விடுதி நடத்துபவராக எட்டு ஆண்டுகள் நடித்தார். இத்தனைக்கும் அவருக்கு அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது வந்து சேர்ந்தது 2013இல், 84 வயதில், வேறொரு தொடரில் சிறப்புத் தோற்றத்துக்காக. அவ்வளவு தாமதித்திருக்க வேண்டியதில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

அந்த விடுதித் தொடரின் கடைசிக் காட்சியை, 1990இல், அவர் முடித்த விதத்தை மறக்க முடியாது. தலையில் கோல்ஃப் பந்து பட்டு விழுந்தவர், இருட்டில் படுக்கையிலிருந்து எழுந்து விளக்கைப் போடுகிறார். பழைய உளவியலாளர் தொடரில் வரும் அதே படுக்கையறை. அருகில் அந்தத் தொடரில் மனைவியாக நடித்த சூசன் பிளெஷெட். எட்டு ஆண்டுக் கதையும் கனவாகிவிடுகிறது. இந்த முடிவுக்கான யோசனையைத் தந்தவர் அவருடைய மனைவி ஜின்னிதான் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.