வெறும் தண்ணீர் ஏன் ஒளிர்ந்தது?

மூன்றாவது வாரம். நான் செய்துவரும், உள்ளங்கையில் அடங்கும் உடனொளிர்வு அளவிக்கு (ஒரு நிற ஒளியை வாங்கி வேறு நிறத்தில் திருப்பித் தரும் பொருளின் ஒளிர்வை அளக்கும் கருவி) உறுப்புகள் எல்லாம் பொருத்தியாகிவிட்டன. 450 நானோமீட்டர் நீல எல்.இ.டி., அதற்குச் செங்குத்தாக ஒளியை உணரும் ஒரு ஃபோட்டோ டையோடு, டையோடின் முன் நீலத்தைத் தடுக்கும் மஞ்சள் வடிகட்டி, பின்னால் அளவைப் படித்து எண்ணாகக் காட்ட ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை. சோதிக்க எடுத்துக்கொண்டது ரைபோஃபிளேவின் மாத்திரை. ரைபோஃபிளேவின் என்கிற வைட்டமின் பி2 நீல ஒளியை வாங்கிக்கொண்டு, 525 நானோமீட்டரை ஒட்டிப் பச்சையாகத் திருப்பித் தரும்.

நன்றாக நீர்த்த கரைசல் 340 காட்டியது. மகிழ்ச்சியோடு வெறும் காய்ச்சி வடித்த நீரை வைத்தேன். 312!

அறை வெளிச்சம் கசிகிறதோ என்று எல்.இ.டி.யை அணைத்தேன், அளவு 3க்கு இறங்கியது. ஆக, கசிவு இல்லை. பிளாஸ்டிக் குப்பியே ஒளிர்கிறதோ என்று அதையும் எடுத்துவிட்டேன், அப்போதும் 280. இரண்டு நாள் தூக்கம் போனது. கடைசியில் மஞ்சள் வடிகட்டியைக் கண்ணருகே பிடித்து எல்.இ.டி.யைப் பார்த்தேன். மங்கலாக ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது.

450 என்பது அந்த எல்.இ.டி.யின் உச்சம் மட்டுமே. அதன் ஒளி மெல்லிய வாலாகப் பச்சை வரை நீள்கிறது. அந்தப் பச்சை பெட்டிச் சுவரில் பட்டுத் தெறித்து டையோடுக்குப் போகிறது. அது எல்.இ.டி.யின் பச்சையா, வைட்டமினின் பச்சையா என்று வடிகட்டிக்கு எப்படித் தெரியும்? டையோடின் முன் மட்டும் காவல் வைத்தது என் பிழை. எல்.இ.டி.யின் முன்னும் ஒரு நீல வடிகட்டி வைத்து, உட்சுவருக்கு மங்கல் கருப்பு பூசினேன். இப்போது தண்ணீர் 21, கரைசல் 45.

காசநோய்க்கான ட்ரூநாட் போன்ற சிறிய பி.சி.ஆர். கருவிகளும் (கிருமியின் டி.என்.ஏ.வைப் பெருக்கிக் கண்டறிபவை) பின்னணி ஒளிக்கு மேல் சாயத்தின் ஒளிர்வு எழுகிறதா என்றுதான் பார்க்கின்றன. அந்தப் பின்னணியை அடக்குவது எவ்வளவு பெரிய வேலை என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

கரைசலின் செறிவைக் கூட்டிப் பார்த்ததில் இன்னொரு வியப்பு. ஓர் அளவுக்கு மேல் ஒளிர்வு குறைந்தது. நுழைவாயிலிலேயே நீல ஒளி முழுவதும் உறிஞ்சப்பட்டுவிடுவதால், டையோடு பார்க்கும் நடுப்பகுதிக்கு எதுவும் வந்து சேர்வதில்லை. அதனால் நீர்த்த கரைசல்களோடு நிறுத்திக்கொண்டேன்.

எல்.இ.டி.யை எரியவிட்டே வைத்திருந்தால் அளவு மெல்ல இறங்குகிறது. ரைபோஃபிளேவின் ஒளியில் சிதையும் பொருள். அடுத்த வாரம் ஒவ்வோர் அளவீட்டுக்கும் 200 மில்லி விநாடி மட்டும் எரியும்படி நிரலை மாற்றப் போகிறேன்.