மல்லுக்கட்டும் ரகசிய அமைப்புகள்

காஸ்மிக் ஹாரரில், அதாவது மனித புத்திக்கு எட்டாத பிரபஞ்ச சக்திகளைப் பற்றிய திகில் கதைகளில், எனக்கு ரொம்பப் பிடித்தது, ரகசிய அமைப்புகள் வேற்றுலக ஜீவன்களோடு மல்லுக்கட்டும் கதைகள். ஜெயிக்கவே முடியாது என்று தெரிந்தும் மறுநாள் வேலைக்கு வருகிறவர்களின் கதைகள் அவை.

விதை போட்டவர் அமெரிக்க எழுத்தாளர் எச்.பி. லவ்கிராஃப்ட். 1936-இல் புத்தகமாக வந்த 'தி ஷேடோ ஓவர் இன்ஸ்மவுத்' தொடக்கத்திலேயே, 1927-28 குளிர்காலத்தில் அமெரிக்க அரசின் ஆட்கள் ஒரு கடலோர ஊருக்குள் புகுந்து கூட்டங்கூட்டமாகக் கைது செய்கிறார்கள். வீடுகளை வெடிவைத்துத் தகர்க்கிறார்கள். நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று ஆழ்கடல் பள்ளத்தை நோக்கி டார்பிடோ ஏவுகிறது. அப்புறம் வழக்கில்லை, விசாரணையில்லை. கைதானவர்களை வழக்கமான சிறைகளில் யாரும் பார்க்கவுமில்லை. கடலுக்குள் இருப்பதைவிட இந்த மௌனம்தான் எனக்கு அதிக பயம் தந்தது.

அந்த அதிரடிச் சோதனையிலிருந்தே ஓர் அமைப்பு பிறந்ததாகக் கற்பனை செய்தது 'டெல்டா கிரீன்', ஆளுக்கொரு பாத்திரமாகி மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை நடத்தும் விளையாட்டு. அதில் ஒரு விதி இருக்கிறது: பார்க்கக் கூடாததைப் பார்த்து மனம் உடையும்போது, அந்த அடியில் ஒரு பகுதியை மனைவி, பிள்ளை, நண்பன் என்று ஏதாவது ஓர் உறவின்மேல் தள்ளிவிடலாம். புத்தி பிழைக்கும், உறவு தேயும். துப்பாக்கிச் சண்டையெல்லாம் மறந்துபோகும், இந்தக் கணக்கு மறக்காது.

2007-இல் ஒரே ஒரு சிலையைப் பற்றிய குறிப்பாகத் தொடங்கி, இணையத்தில் பலர் சேர்ந்து எழுதும் எஸ்சிபி கதையுலகமும் இந்த வகைதான். அங்கே அரசுகூட இல்லை, 'அடைத்து வை, ஆவணப்படுத்து' என்கிற வறண்ட அலுவலக நடை மட்டும்தான். பயங்கரத்துக்கு அதைவிடப் பொருத்தமான நடை இல்லை.

தமிழில் இப்படி யாராவது எழுதியிருந்தால் சொல்லுங்கள், உடனே படிக்கிறேன்.