நிழலை அளக்கப் பழகுதல்: ஃபிலிம் நாட்குறிப்பு

ஜனவரி 4

பெரியப்பாவின் பென்டாக்ஸ் கே1000 இன்று கைக்கு வந்தது. 1976-இல் வெளிவந்து 1997 வரை தயாரிப்பில் இருந்த கேமரா. பல வருடமாக டிஜிட்டலிலேயே படம் எடுத்துவருகிற எனக்கு, இதில் இருக்கும் சமாச்சாரங்களை எண்ணிவிடலாம் என்பதே பெரிய ஈர்ப்பு: ஷட்டர் வேகத்துக்கு (வெளிச்சத்தை உள்ளே விடும் நேரத்துக்கு) ஒரு வட்டு, லென்ஸில் அபெர்ச்சர் (வெளிச்சம் புகும் துளையின் அளவு) வளையம், ஃபோகஸ் வளையம், வியூஃபைண்டருக்குள் வெளிச்சத்தை அளந்து காட்டும் மீட்டரின் ஒரு முள். ஆன்-ஆஃப் பொத்தான் கூட இல்லை. ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கிலும் பல்சக்கரத்திலும்தான் ஓடுகிறது. அடியில் போடும் எல்ஆர்44 பேட்டரி மீட்டர் முள்ளுக்கு மட்டும். அது தீர்ந்துபோனாலும் படம் எடுக்கலாம்.

"மூடியப் போட்டு வைம்மா, இல்லன்னா மீட்டர் சும்மாவே பேட்டரியக் குடிச்சுக்கிட்டு இருக்கும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

பின்கதவின் விளிம்பில் வெளிச்சம் புகாமல் இருக்க ஒட்டியிருந்த நுரைப்பட்டை கருப்புப் பிசினாக உருகிக் கிடந்தது. பழைய கேமராக்கள் எல்லாவற்றிலும் வருவதுதான். பல்குச்சியால் சுரண்டி, ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, புதுப் பட்டை ஒட்டினேன். பிசினின் ஒரு துணுக்குகூட ஷட்டர் திரைப்பக்கம் விழுந்துவிடக் கூடாது. அது ரப்பர் பூசிய மெல்லிய துணி. சாயங்காலம் முழுக்க இதற்கே போனது, ஆனால் கேமராவின் உள்பக்கம் இப்போது அத்துப்படி.

ஜனவரி 6

ரோல் போடப் பழகினேன். இல்ஃபோர்ட் ஹெச்பி5 பிளஸ், ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறனின் எண்) 400, கருப்பு வெள்ளை. கற்றுக்கொள்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். கொஞ்சம் முன்பின் ஆனாலும் தாங்கும், வீட்டிலேயே கழுவிக்கொள்ளலாம்.

ஷட்டர் வட்டின் விளிம்பை மேலே தூக்கித் திருப்பி ஐஎஸ்ஓ 400 வைக்க வேண்டும். ஐஎஸ்ஓவைச் சொல்ல ஃபிலிம் கேசட்டின் மேல் இருக்கும் டிஎக்ஸ் குறியை இந்த கேமரா படிக்காது; நாம் சொன்னால்தான் அதற்குத் தெரியும். டிஜிட்டலில் ஒவ்வொரு படத்துக்கும் ஐஎஸ்ஓ மாற்றும் பழக்கம் இங்கே செல்லாது. 36 படத்துக்கும் ஒரே உணர்திறன். வெளிச்சம் குறைந்தால் அபெர்ச்சரும் ஷட்டரும்தான் துணை.

ரோல் சரியாக மாட்டியிருக்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. கதவை மூடியதும் இடதுபக்கச் சுற்றுக்குமிழை லேசாகத் திருப்பிச் சுருளின் தொய்வை இறுக்க வேண்டும். அப்புறம் ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுக்கும்போது அந்தக் குமிழும் எதிர்ப்பக்கமாகச் சுழன்றால் ஃபிலிம் நகர்கிறது. சுழலவில்லை என்றால் நுனி கழன்றுவிட்டது. எண்காட்டி எண்ணிக்கொண்டே போனாலும் உள்ளே ஒன்றும் பதியாது. ஒவ்வொரு முறை லீவர் இழுக்கும்போதும் கண் தானாக அந்தக் குமிழுக்குப் போகிற அளவுக்குப் பழக வேண்டும்.

ஜனவரி 11

வெயிலில் நடந்தேன். மீட்டர் முள்ளையே நம்பாமல் வெளிச்சத்தைக் கண்ணால் மதிப்பிட்டுப் பழக, நல்ல வெயிலுக்கு எஃப்/16, ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழ் என்ற பழைய கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டேன். 400 ஃபிலிமுக்கு, 1/400-க்குப் பக்கத்தில் வட்டில் இருக்கும் 1/500. மேகம் மறைத்தால் ஒன்றிரண்டு ஸ்டாப் திறக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு அல்லது பாதி). முதலில் கணக்குச் சொல்லிவிட்டு அப்புறம் முள்ளைப் பார்ப்பது. நேர் வெயிலில் இரண்டும் ஒத்துப்போனது. மர நிழலுக்குள் போனதும் என் கணக்கு தடுமாறியது. நிழல் எத்தனை வகை என்பதைக் கவனிக்க இப்போதுதான் ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

சட்டைப்பையில் ஒரு குறிப்பேடு. படத்தோடு சேர்ந்து பதியும் விவரம் எதுவும் ஃபிலிமில் இல்லை, ஆகவே எண், வேகம், அபெர்ச்சர், எதை அளந்தேன் என்று நானே எழுத வேண்டும். எதை அளந்தேன் என்பதைத்தான் முக்கியமாக எழுதிவைக்கிறேன். மற்றதெல்லாம் நெகட்டிவை (கழுவிய ஃபிலிம்; வெளிச்சம் கருப்பாகவும் நிழல் தெளிவாகவும் தலைகீழாகத் தெரியும்) பார்த்தாலே ஓரளவு ஊகிக்கலாம்.

ஜனவரி 17

பெரியப்பாவிடம் போனில் பேசியதை அப்படியே எழுதி வைக்கிறேன். படியோரம் வெயில் அடிக்கும் ஒரு காட்சியைச் சொல்லி, வெளுத்துப்போகாமல் இருக்க ஒரு ஸ்டாப் குறைத்து எடுக்கலாமா என்று கேட்டேன்.

"வெயில ஏம்மா பாக்குற? படிக்குக் கீழ இருட்டு இருக்குல்ல, அதுல உனக்கு என்ன வேணும்னு பாரு. அங்க அள. வெயிலு தன்னால வந்துரும்."

டிஜிட்டலில் நான் செய்வதற்கு நேர் எதிர் இது. சென்சாரில் வெளிச்சம் ஓர் எல்லையைத் தாண்டினால் சட்டென்று வெட்டிவிடும். அங்கே மீட்க ஒன்றும் இருக்காது. அதனால் ஹிஸ்டோகிராமின் (இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாகக் காட்டும் வரைபடத்தின்) வலப்பக்கத்தைக் காப்பாற்றி, நிழலைப் பிறகு கணினியில் தூக்குவோம். நெகட்டிவ் ஃபிலிமில் ஆபத்து மறுகோடியில். ஃபிலிமில் வெளிச்சத்தை உணரும் வெள்ளி ஹாலைடு துகள் ஒன்றில் வெளிச்சம் பட்டு, சுமார் நான்கு வெள்ளி அணுக்களாவது ஓரிடத்தில் சேர்ந்தால்தான் டெவலப்பர் (படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல்) அந்தத் துகளைப் பிடித்துக்கொள்ளும். அதற்குக் குறைந்த வெளிச்சம் வந்தும் வராததுபோலத்தான். நிழலில் அந்த வாசலைத் தாண்டாத பகுதி, கழுவிய பிறகு வெறும் கண்ணாடியாகத்தான் இருக்கும்.

வெளிச்சம் கூடக்கூட நெகட்டிவ் எப்படி அடர்கிறது என்று 1890-இல் ஹர்ட்டர், டிரிஃபீல்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட வளைகோடு இதைத்தான் வரைந்து காட்டுகிறது: கீழே படுத்துக் கிடக்கும் பகுதி, நடுவில் நேராக ஏறும் பகுதி, மேலே மெதுவாக வளைந்து சாயும் பகுதி. அந்த மேல் வளைவில் வெளிச்சம் வெட்டப்படுவதில்லை, நெருக்கப்படுகிறது. இதைப் பல இடத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு கேள்வியோடு பார்த்தபோதுதான் அர்த்தம் ஆனது.

சரி, சோதித்துவிடலாம் என்று அதே படிக்கட்டை முக்காலி வைத்து எடுத்தேன். மேல்படிகளில் வெயில், அடியில் இருட்டு மூலை, அதில் ஒரு சைக்கிள். மீட்டர் சொன்னபடி ஒன்று, அப்புறம் ஒரு ஸ்டாப் குறைத்து, இரண்டு குறைத்து, பிறகு கூட்டி, மூன்று ஸ்டாப் கூடுதல் வரைக்கும். ரோலின் கடைசிப் படங்கள் எல்லாம் இதற்கே.

ஜனவரி 25

இன்று ரோலைக் கழுவினேன். இதை விரிவாக எழுத ஆசை.

இருட்டுப்பைக்குள் கையை விட்டு ஃபிலிமை ரீலில் ஏற்றுவதுதான் கடினம் என்று எல்லோரும் சொல்வார்கள். முன்பே ஒரு வீணான ஃபிலிமை வைத்து, முதலில் பார்த்துக்கொண்டும் பிறகு கண்ணை மூடிக்கொண்டும் பழகியிருந்தேன். ரீலின் வாயில் இருக்கும் சிறு உருண்டைகளை விரலால் தடவிக் கண்டுபிடித்து, அதற்கு அப்பால் நுனியைத் தள்ளிவிட்டால் போதும். பிறகு இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றித் திருக அது தானாக ஏறுகிறது. ரீல் பொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். பைக்குள் கை வியர்க்கும், ஆகவே அவசரப்படாமலும் அதே சமயம் நேரம் கடத்தாமலும் முடிக்க வேண்டும்.

டெவலப்பர் ஐடி-11, கலக்காமல் அப்படியே, 20 டிகிரி செல்சியஸ், ஏழரை நிமிடம். வெப்பநிலைதான் பிடிவாதமானது. கரைசல் பாட்டில்களைத் தண்ணீர் நிரம்பிய தட்டில் நிற்கவைத்து, தெர்மாமீட்டர் 20-ஐத் தொடும்வரை பனிக்கட்டி போட்டுக் காத்திருந்தேன். ஊற்றியதும் முதல் பத்து நொடியில் நான்கு முறை டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். அப்புறம் ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதே நான்கு. கவிழ்த்து வைத்ததும் மேசையில் லேசாக ஒரு தட்டு, குமிழி எதுவும் ஃபிலிமில் ஒட்டாமல் இருக்க. ஒரே சீராகச் செய்வதுதான் இதில் எல்லாம். இன்று ஒரு மாதிரி, நாளை ஒரு மாதிரி ஆட்டினால் அடுத்த ரோலோடு ஒப்பிட வழியில்லை.

டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத் பத்து நொடி. பிறகு, மிச்சமுள்ள வெள்ளி ஹாலைடைக் கரைத்து எடுக்கும் ஃபிக்ஸர். அதற்கு முன்பே, வெட்டி எடுத்த நுனித்துண்டை ஃபிக்ஸரில் போட்டு, பால்போல் இருப்பது தெளிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துக்கொண்டேன். அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் வைத்தால் போதும். கரைசல் இன்னும் வேலை செய்கிறதா என்பதையும் இந்தத் துண்டே சொல்லிவிடும். கடைசியில் தண்ணீரில் ஐந்து கவிழ்ப்பு, மாற்றி பத்து, மாற்றி இருபது.

ரீலைத் திறந்து ஈர ஃபிலிமை இழுத்தபோது ஓரத்தில் எண்ணும் ஃபிலிமின் பெயரும் தெளிவாக எழும்பியிருந்தன. படம் நன்றாக வந்ததா என்று பார்ப்பதற்கு முன் அதைத்தான் பார்க்க வேண்டும். விளிம்பு எழுத்து, தொழிற்சாலையிலேயே வெளிச்சம் காட்டி வைத்தது. அது அடர்த்தியாக இருந்தால் கழுவியது சரி. அப்புறம் படம் மெலிந்திருந்தால் பழி எக்ஸ்போஷருக்கு, அதாவது எடுக்கும்போது கொடுத்த வெளிச்சத்துக்கு.

ஜனவரி 26

காய்ந்துவிட்டது. வெளிச்சப் பலகையில் வைத்துப் பெரிதாக்கும் கண்ணாடியோடு உட்கார்ந்தேன்.

படிக்கட்டு வரிசை எதிர்பார்த்ததைவிடத் தெளிவாகப் பேசியது. இரண்டு ஸ்டாப் குறைத்ததில் சைக்கிளின் இடம் விளிம்பைப் போலவே வெறும் நிறம். சக்கரத்தின் கம்பிகள் அங்கே இல்லவே இல்லை. கணினியில் என்ன தூக்கினாலும் இல்லாததைத் தூக்க முடியாது. மீட்டர் சொன்னதில் கைப்பிடியும் இருக்கையும் மட்டும் தெரிந்தன. ஒரு ஸ்டாப் கூட்டியதில் சக்கரக் கம்பிகள் ஒவ்வொன்றாக எண்ணும்படி வந்துவிட்டன. மூன்று கூட்டியதில் வெயில் படிகள் கருகருவென்று அடர்ந்து, பலகையின் விளக்கைக் கிட்டத்தட்ட மறைத்தன. ஆனாலும் கண்ணாடியை அருகில் கொண்டுபோனால் சிமென்ட் பூச்சின் விரிசல்கூட இருக்கிறது.

மீட்டர் காட்சியின் சராசரியைப் பார்த்து எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். அதைத் தப்புச் சொல்ல முடியாது. எதை எந்தச் சாம்பலாக வைப்பது என்பது அதற்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும்.

பிப்ரவரி 1

நெகட்டிவை டிஜிட்டல் கேமராவிலேயே படியெடுத்தேன். மேக்ரோ லென்ஸ், வெளிச்சப் பலகை, ஃபிலிம் வளையாமல் பிடிக்கும் சட்டம். பளபளப்பான பக்கம் லென்ஸைப் பார்த்திருந்தால் படம் இடவலம் மாறாமல் வரும். இங்கே என் பழைய பழக்கம் உதவியது: படம் இல்லாத வெறும் ஃபிலிம் பகுதி ஹிஸ்டோகிராமின் வலக்கோடியைத் தொடாமல் நிற்கும்படி வைத்தால் நிழல் விவரம் எல்லாம் அகப்படும். மூன்று ஸ்டாப் கூடின நெகட்டிவில் துகள் கொஞ்சம் தடிப்பாகத் தெரிந்தது. தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் கணக்கில்லாமல் கொடுக்கக் கூடாது.

பிப்ரவரி 8

தங்கை ஜன்னலோரம் படித்துக்கொண்டிருந்தாள். இந்த முறை பெரியப்பா சொன்ன வழி.

ஜன்னலுக்கு மறுபக்கம் நிழலில் அவள் தலைமுடி. கருப்புதான், ஆனால் இழைகள் தெரிய வேண்டும். கிட்டே போய் வியூஃபைண்டர் நிறைய முடியை மட்டும் வைத்து அளந்தேன்: எஃப்/2-இல் 1/30. அப்படியே எடுத்தால் முடி நடுச்சாம்பலாகிவிடும். அதற்கு இரண்டு ஸ்டாப் கீழே வைத்தால் விவரம் உள்ள கருப்பு. ஆக 1/125. பிறகு வெளிச்சம் படும் கன்னத்தை அளந்தேன்: 1/500. அதாவது 1/125-இல் கன்னம் நடுச்சாம்பலுக்கு இரண்டு ஸ்டாப் மேலே உட்காரும். தோலின் நயம் கெடாத வெளிச்சம். இரண்டுக்கும் நடுவில் நான்கு ஸ்டாப், ஃபிலிமுக்கு வசதியான தூரம்.

அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி வகுத்த ஸோன் முறையின் அடிப்படை இவ்வளவுதான். காட்சியில் உள்ள ஒவ்வொன்றையும் எந்தப் படியில் உட்காரவைப்பது என்று படம் எடுக்கும் முன்பே முடிவு செய்வது. பாடமாகப் படித்தபோது வறட்சியாக இருந்தது. தெரிந்த முகத்தின் முன்னால் நின்று செய்தபோது, அவள் முகத்தில் வெளிச்சம் எங்கே முடிந்து நிழல் எங்கே தொடங்குகிறது என்று இத்தனை வருடத்தில் இப்போதுதான் பார்த்தேன்.

இன்னொன்று. கேமராவின் பின்னால் திரை இல்லாததால் "காட்டு பாப்போம்" என்ற பேச்சே வரவில்லை. படத்துக்குப் படம் அவள் முகத்தைத் திருத்திக்கொள்ளவில்லை. புத்தகத்துக்குத் திரும்பிவிட்டாள். மனிதர்களை எடுக்க ஃபிலிமை வைத்துக்கொள்ள இது ஒன்றே எனக்குப் போதும்.

பிப்ரவரி 14

இரவு, தெருவிளக்கு. கேமராவின் மிக மெதுவான வேகம் ஒரு நொடிதான். அதற்கு மேல் வட்டை பி-யில் (அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும்) வைத்து, கேமராவை அசைக்காமல் அழுத்த உதவும் கேபிள் ரிலீஸால் பிடிக்க வேண்டும். நீண்ட நேரத்தில் ஃபிலிம் சோர்ந்துவிடும், அளந்த நேரம் போதாது. ஹெச்பி5-க்கு மீட்டர் பத்து நொடி என்றால் ஏறக்குறைய இருபது கொடுக்க வேண்டும். காரணம் அந்த நான்கு அணுக்கள் கதையேதான்: மங்கிய வெளிச்சம் சொட்டுச் சொட்டாக வரும்போது, அடுத்தது வந்து சேருமுன் முதலில் சேர்ந்தது கலைந்துவிடுகிறது.

பிப்ரவரி 22

ஜன்னலோரப் படங்கள் கழுவி வந்தன. முடியில் இழை இருக்கிறது, கன்னத்தில் மென்மை இருக்கிறது. பெரியப்பாவுக்கு அனுப்பினேன். "நெகட்டிவக் கொண்டா, ஸ்க்ரீன்ல பாத்து என்ன தெரியும்" என்று பதில். அடுத்த வாரம் எடுத்துக்கொண்டு போகிறேன்.

அடுத்து எக்டாக்ரோம் இ100, 2018-இல் கோடக் திரும்பக் கொண்டுவந்த ஸ்லைடு ஃபிலிம். அதில் கதை மாறுகிறது. கழுவி வருவதே இறுதிப் படம், தாங்கும் அகலமும் குறைவு, வெளுத்த இடம் வெறும் ஃபிலிமாகிவிடும். அங்கே வெளிச்சத்துக்குத்தான் அளக்க வேண்டும், நிழல் போனால் போகட்டும். டிஜிட்டலில் பழகிய கண் அங்கே நன்றாகப் பயன்படும் என்று நினைக்கிறேன். கே1000-இல் இன்னும் பாதி ஹெச்பி5 மிச்சம் இருக்கிறது. அதை முடித்து, வட்டை 100-க்குத் திருப்பிவிட்டு, அதே படிக்கட்டில் அதே வரிசையை அரை ஸ்டாப் இடைவெளியில் எடுத்துப் பார்க்கப்போகிறேன்.