பேஸ்ட் டப்பாவில் எழும்பிய சால்

என் ரயில் மாடலில் ஒரு சால், அதாவது வராந்தாவை ஒட்டி வரிசையாக அறைகள் கொண்ட மும்பை மாடிக் குடியிருப்பு, வைப்பதற்காக மூன்று பேஸ்ட் டப்பாக்களைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினேன். அப்போதும் டப்பாவாகத்தான் தெரிந்தது. கதவு வைத்த பிறகுதான் அது வீடானது.

என் ரயில் மாடல் எச்ஓ எனப்படும் அளவு, 1:87, அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. நிஜத்தில் ஓர் அடி என்றால் இங்கே 3.5 மில்லிமீட்டர். 7 அடிக் கதவு 24.5 மில்லிமீட்டர் வரும். அந்த உயரத்துக்கு ஓர் அட்டைத் துண்டை வெட்டி வைத்திருக்கிறேன். வீட்டில் எது காலியானாலும் அதன்மேல் இதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குப்பைக்கு அனுப்புவேன். பேஸ்ட் டப்பாவின் உயரம் 4 சென்டிமீட்டர், அதாவது 11 அடிக்குச் சற்று மேல். மாட்டுங்கா பக்கத்துப் பழைய சால்களின் உயர்ந்த கூரைக்கு அது பொருந்திப்போனது.

முதல் தடவை வெளிப்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்தேன். ஜூலை மாத மும்பை ஈரம் வேறு. காலையில் பார்த்தால் சுவர் வில்லாக வளைந்திருந்தது. அட்டையில் ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் அப்படித்தான் ஆகும். மறுபடி செய்தபோது உள்ளேயும் ஒரு கோட் அடித்து, குறுக்கே ஐஸ் குச்சி கொடுத்தேன். இதுவரை அசையவில்லை.

வராந்தாக் கம்பிக்கு ஊதுபத்திக் குச்சி, ஜன்னல் வலைக்குக் கிழிந்த டீ வடிகட்டி. கூரைதான் நாள் பிடித்தது. பார்சல் அட்டையை உரித்தால் வரும் நெளிவு இந்த அளவுக்கு ரொம்பப் பெரிது. நிஜ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் ஒரு நெளிவுக்கும் அடுத்ததற்கும் 146 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 1.7கூட வராது. கடைசியில் தலைசீவும் சீப்பின் நெருக்கமான பக்கத்தில் அலுமினியத் தாளை வைத்து, பல்குத்தும் குச்சியால் ஒவ்வொரு பல்லுக்கு நடுவிலும் மெதுவாக அழுத்தி இழுத்தேன். அச்சு அசல் ஷீட்!

மழைக்கறைக்குக் காபி டிகாக்‌ஷன். ஜன்னலுக்குக் கீழே ஒரே ஒரு சொட்டு வைத்து அட்டையை நிமிர்த்தினால் அதுவே வழிந்து இறங்கும். பிரஷ்ஷால் வரைந்த கறையில் அந்த இயல்பு வருவதில்லை.

சின்ன வயதில் தாராவியில் சாலில் வளர்ந்த அம்மா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "எல்லாம் சரிடா, குழாய் எங்கே? குடம் வைக்க இடமே விடலையே?"

ஒரு அடிக் குடத்துக்கு 3.5 மில்லிமீட்டர் மணி வேண்டும். அம்மாவின் பழைய பாசிமாலை ஒன்று அறுந்து டப்பாவில் கிடந்தது. நேற்றிரவு வளைத்த குண்டூசிக் குழாய்க்கு முன்னால் அதிலிருந்து ஐந்து மணிகளை வரிசையாக ஒட்டினேன். முதல் குடம் எங்கள் வீட்டுடையது என்று அம்மா சொல்லிவிட்டார்.