ஓ.டி. ஒப்புதல்: டிக் போடுவதற்கு முன் அமைக்க வேண்டியவை

ஆலைக்குப் புதிதாக வருகைப்பதிவு மென்பொருள் வந்ததும், அமைப்புகளில் "ஓ.டி.க்கு (ஓவர்டைம், கூடுதல் நேர வேலை) ஒப்புதல் கட்டாயம்" என்ற பெட்டியில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். பல மென்பொருள்களில் அந்த டிக்குக்கு என்ன பொருள் தெரியுமா? ஒப்புதல் வராத ஓ.டி., சம்பளப் பட்டியலில் பூஜ்யம். ஆள் வேலை செய்திருக்கிறார், பஞ்ச் (வருகை மெஷினில் பதியும் உள், வெளி நேரம்) பதிவாகியிருக்கிறது. சூப்பர்வைசர் பட்டனை அழுத்த மறந்துவிட்டார், அவ்வளவுதான். மாதக் கடைசியில் அந்த மணிகள் சத்தமில்லாமல் மறைந்துவிடும். நிர்வாகம் கேட்டு வாங்கிய வேலைக்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டும். ஒப்புதல் இல்லை என்பது கூலியை மறுப்பதற்குக் காரணம் ஆகாது. ஒப்புதல் எதற்கு? வேலைக்கு முன்னால் திட்டமிட, வேலைக்குப் பிறகு சரிபார்க்க.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது, மென்பொருள் மூன்று எண்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்கிறதா என்பது. பஞ்ச் காட்டும் கூடுதல் நேரம் ஒன்று, ஒப்புதல் பெற்ற நேரம் ஒன்று, சம்பளத்துக்குப் போகும் நேரம் ஒன்று. முதல் இரண்டும் ஒத்துப்போகாதபோது அந்தப் பதிவு "விளக்கம் தேவை" என்ற வரிசையில் போய் நிற்க வேண்டும். தானாக ஒப்புதலும் ஆகக் கூடாது, தானாக நிராகரிப்பும் ஆகக் கூடாது. இப்படி ஒரு வரிசை இல்லாத மென்பொருளை வாங்காமல் இருப்பது நல்லது.

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். முதல் ஷிஃப்ட் காலை 6:00 முதல் 14:30 வரை, நடுவில் அரை மணி சாப்பாட்டு இடைவேளை, ஆக 8 மணி வேலை. ஒரு ஆபரேட்டர் 5:41க்கு உள்ளே பஞ்ச் வைக்கிறார், 16:52க்கு வெளியே. அவருக்கு 14:30 முதல் 16:30 வரை 2 மணி ஓ.டி. முன்கூட்டியே ஒப்புதல் ஆகியிருக்கிறது. வெளியேறிய நேரத்திலிருந்து ஷிஃப்ட் முடிவைக் கழிக்கும் வாய்பாட்டைத் தேர்ந்தெடுத்திருந்தால் மென்பொருள் 2:22 காட்டும். மொத்த நேரத்திலிருந்து ஷிஃப்ட் நீளத்தைக் கழிக்கும் வாய்பாடு என்றால் 2:41. கம்பெனி பஸ் சீக்கிரம் வந்ததால் கிடைத்த 19 நிமிடமும் அதில் சேர்ந்துவிட்டது. ஷிஃப்ட் மாஸ்டரில் (ஷிஃப்ட் நேரங்களைப் பதியும் பகுதியில்) சாப்பாட்டு நேரத்தைக் கழிக்காமல் விட்டு 8 மணியை மட்டும் கழித்தால் 3:11 வரும். ஒரே ஆள், ஒரே பஞ்ச், மூன்று விடைகள். ஷிஃப்ட் முறையில் ஓடும் ஆலைக்கு முதல் வாய்பாடுதான் பொருத்தம். சீக்கிரம் வரச் சொல்லி வேலை வாங்கினால் அதற்குத் தனியாக முன்-ஓ.டி. கோரிக்கை போடட்டும்.

மிஞ்சும் அந்த 22 நிமிடத்தைத்தான் விளக்க வரிசை பிடிக்க வேண்டும். அடுத்த ஆளிடம் மெஷினை ஒப்படைத்துக்கொண்டிருந்தாரா, கை கழுவிவிட்டு பஞ்ச் வைக்க வரிசையில் நின்றாரா? முதலாவது வேலை, கூலி உண்டு. இதைச் சொல்லக்கூடியவர் லைன் சூப்பர்வைசர் மட்டும்தான், அதுவும் மறுநாளுக்குள் கேட்டால்தான் அவருக்கு நினைவிருக்கும். ரவுண்டிங் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 30 நிமிடத்துக்கு எப்போதும் கீழ்நோக்கி ரவுண்டு செய்யும் அமைப்பு 2:22ஐ 2:00 ஆக்கும், 2:29ஐயும் 2:00 ஆக்கும். நஷ்டம் எப்போதும் ஒரே பக்கம். ரவுண்டிங்கை அணைத்துவிட்டு நிமிடக் கணக்கில் கொடுப்பதே நேர்மையானது. கணினிக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை.

அதே நாளில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அரை மணி ஓய்வு இல்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. சாப்பாடு 10:30 முதல் 11:00 வரை என்றால், 11 மணிக்குத் தொடங்கிய வேலை 16:00க்கே 5 மணி நேரம் ஆகிவிடும். 16:30 வரை ஓ.டி. போட்டால் மீறல். சாப்பாட்டை 11:00 முதல் 11:30 வரை தள்ளினால் இரண்டு பக்கமும் சரியாக 5 மணி. காலை 6:00 முதல் 16:30 வரை இருப்பு நேரமும் (இடைவேளை உட்பட ஆலையில் இருக்கும் மொத்த நேரம்) அந்தச் சட்டத்தின் பத்தரை மணி நேர வரம்புக்குள் நின்றுவிடும். ஓ.டி. நாள்களுக்கென்று இடைவேளை மாற்றிய தனி ஷிஃப்ட் குறியீடு ஒன்றை உருவாக்கி, ஒப்புதல் ஆனதும் அது தானாகப் பொருந்தும்படி செய்யலாம். இடைவேளையை மாற்றாமல் மணிகளை மட்டும் கூட்டுவதுதான் பல ஆலைகளில் நடக்கிறது.

உச்சவரம்புகளுக்கு வருவோம். பழைய சட்டத்தின் 64ஆம் பிரிவு விலக்கின்படி நாளுக்கு 10 மணி, ஓ.டி. உட்பட வாரத்துக்கு 60 மணி, காலாண்டுக்கு ஓ.டி. 50 மணி, 65ஆம் பிரிவின் கீழ் காலாண்டு வரம்பு 75 மணி என்று இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் தொடர்பான 2020ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் நாளுக்கு 8 மணி வேலை, அதற்கு மேல் ஓ.டி.க்கு இரட்டைக் கூலி. ஓ.டி. வரம்பை அரசு விதிகள் வகுக்கும். ஆகவே வரம்பு எண்களை அமல் தேதியோடு சேர்த்துப் பதியும் வசதி மென்பொருளில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் 12 மணி வேலைத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டதை நினைவில் வையுங்கள். வரம்புகள் மாறும், மாறும்போது பழைய மாதக் கணக்கு குலையக் கூடாது.

காலாண்டு என்பது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் தொடங்கும் மூன்று மாதம். சில வெளிநாட்டு மென்பொருள்கள் கடைசி 90 நாளை எண்ணும், அதை மாற்றுங்கள். வரம்பு 50 மணி என்றால் 40லேயே மஞ்சள் எச்சரிக்கை வைத்தால் சூப்பர்வைசர் வேறு ஆளைத் தேட நேரம் கிடைக்கும்.

முக்கியமான ஒன்று: வரம்பு தடுக்க வேண்டியது கோரிக்கையை, பதிவை அல்ல. வரம்பைத் தாண்டி ஒருவர் வேலை செய்துவிட்டால் அந்த நேரம் உள்ளபடியே பதிவாகி, கூலியும் போக வேண்டும். மீறலுக்கு நிர்வாகம்தான் பதில் சொல்ல வேண்டும். ஆய்வுக்குக் காட்ட பஞ்சை வரம்புக்குள் வெட்டி ஒட்டித் தரும் "ஆடிட் ரிப்போர்ட்" வசதியை விற்கும் ஆள்களும் இருக்கிறார்கள். அந்த வசதியைத் தொடவே தொடாதீர்கள். அது தொழிலாளியின் உழைப்பைக் காகிதத்திலிருந்து அழிக்கும் வேலை.

புதிய தொகுப்பின் 27ஆம் பிரிவு, தொழிலாளியின் சம்மதத்தோடு மட்டுமே ஓ.டி. வாங்கலாம் என்கிறது. எனவே ஒப்புதல் படிவத்தில் மேலாளரின் கையொப்பத்துக்கு முன்னால் தொழிலாளியின் சம்மதம் என்று ஒரு கட்டம் வேண்டும். செல்போன் செயலி இல்லாதவர்களுக்கு பஞ்ச் மெஷினிலேயே ஒரு ஃபங்ஷன் கீ ஒதுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் ஷிஃப்ட் தொடக்கத்தில் கையெழுத்துத் தாள் வாங்கி ஸ்கேன் செய்து கோரிக்கையோடு இணையுங்கள்.

கோரிக்கைக்குப் பிறகு ஒப்புதல் படிகள் இரண்டுக்கு மேல் வேண்டாம். சூப்பர்வைசர் கேட்கிறார், ஷிஃப்ட் இன்சார்ஜ் சம்மதிக்கிறார், உற்பத்தி மேலாளர் முடிக்கிறார். ஹெச்.ஆர். பார்வையிட்டால் போதும், கையொப்பம் வேண்டியதில்லை. நான்கு படி வைத்தால் ஷிஃப்ட் முடிந்த பிறகுதான் ஒப்புதல் வரும், முன்-ஒப்புதல் என்ற பெயருக்கே அர்த்தமில்லாமல் போகும். மேலாளர் லீவில் இருந்தால் யாருக்குப் போக வேண்டும் என்ற மாற்று ஆளை முதல் நாளே பதியுங்கள். அடுத்த ஷிஃப்ட் ஆள் வராமல் போய் மெஷினை விட்டு நகர முடியாத நிலைக்கு "அவசர ஓ.டி." என்ற தனி வகை, 24 மணிக்குள் பின்-ஒப்புதல். அப்ரென்டிஸ்களுக்கு ஓ.டி.யையே மூடிவிடுங்கள், அப்ரென்டிஸ் சட்டப்படி பயிற்சி ஆலோசகரின் அனுமதி இல்லாமல் அவர்களுக்கு ஓ.டி. கிடையாது.

நைட் ஷிஃப்ட்டில்தான் அதிகம் குளறுபடி. 22:00க்கு வந்தவர் மறுநாள் 8:00க்குப் போகிறார். நள்ளிரவில் நாளை முடிக்கும் மென்பொருள் இதை இரண்டு மிஸ் பஞ்சாக (உள் அல்லது வெளி நேரம் விடுபட்ட பதிவாக) எடுத்துக்கொள்ளும், ஓ.டி. எதுவும் வராது. நள்ளிரவுக்குப் பிந்தைய நேரம் முந்தைய நாளின் கணக்கில்தான் சேர வேண்டும். ஷிஃப்ட் மாஸ்டரில் பஞ்ச் ஏற்கும் கால அளவை ஷிஃப்ட் முடிந்து 4 மணி நேரம் வரை வையுங்கள். மிகக் குறைவாக வைத்தால் ஓ.டி. முடித்த பஞ்ச் அனாதையாகிவிடும், மிக அதிகமாக வைத்தால் அன்று இரவே திரும்பி வருபவரின் உள் பஞ்சையும் விழுங்கிவிடும்.

இன்னொரு பழுது வெளியே தெரியாது. நெட்வொர்க் துண்டித்த மெஷினின் பஞ்சுகள் இரண்டு நாள் கழித்து வந்து சேரும்போது மென்பொருள் ஓ.டி.யை மறுபடி கணக்கிடும். ஏற்கனவே ஒப்புதல் ஆன பதிவு பூட்டியிருந்தால் புதிய நேரம் சேராது. பூட்டாமல் இருந்தால் ஒப்புதலே இல்லாமல் எண் மாறிவிடும். சரியான அமைப்பு: ஒப்புதலுக்குப் பிறகு வருகை நேரம் மாறினால் நிலை "மீண்டும் பார்க்க" என்று திரும்ப வேண்டும். பழைய எண்ணும் புதிய எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் தெரிய வேண்டும்.

வாரக் கணக்கை மட்டும் நம்பும் மென்பொருளும் ஆளை ஏமாற்றும். திங்கள் லீவு, அடுத்த மூன்று நாள் 10 மணி, கடைசி இரண்டு நாள் 8 மணி என்றால் மொத்தம் 46. வார வேலை நேரமான 48 மணியைத் தாண்டாததால் ஓ.டி. பூஜ்யம் என்று காட்டும். நாள் கணக்கில் 6 மணி ஓ.டி. இருக்கிறது. இரண்டில் தொழிலாளிக்குச் சாதகமானது எதுவோ அதைத்தான் எடுக்க வேண்டும் என்று 27ஆம் பிரிவே சொல்கிறது.

விகிதம்: மாத ஊதியம் 15,600 ரூபாய் என்றால் 26 நாளால் வகுத்து நாளுக்கு 600, மணிக்கு 75, ஓ.டி. மணிக்கு 150. அமைப்பில் 30 நாள் என்று இருந்தால் அதே ஓ.டி. 130 ஆகிவிடும், மணிக்கு 20 ரூபாய் போய்விடும். ஓ.டி.யை ஊதியச் சீட்டில் மணியும் விகிதமும் தெரியும் தனி வரியாகக் காட்டுங்கள், ஊக்கத்தொகையோடு கலக்காதீர்கள்.

சம்பளம் மறுமாதம் 7ஆம் தேதிக்குள் போக வேண்டும் என்பதால் கட்-ஆஃப் தேதி (அந்த மாதக் கணக்கை மூடும் நாள்) ஒன்று தேவைப்படும். கட்-ஆஃபுக்கு மூன்று நாள் முன்னால் நிலுவையில் உள்ள ஓ.டி. கோரிக்கைகளின் பட்டியல் எல்லாச் சூப்பர்வைசருக்கும் தானாகப் போகட்டும். அதற்குப் பிறகும் முடியாதவை அடுத்த மாத அரியரில் சேரும்படி அமையுங்கள், மாதம் மூடும்போது அழியும்படி அல்ல. இதைச் சோதிக்க, ஒரு சோதனை ஊழியருக்கு நிலுவையில் ஒரு கோரிக்கையை வைத்துக்கொண்டே மாதத்தை மூடி, அடுத்த மாதம் அந்தக் கோரிக்கைக்கு ஒப்புதல் கொடுத்து, ஊதியச் சீட்டில் அரியராக வருகிறதா என்று பாருங்கள்.