1974 ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷாடோ: ஒரு பராமரிப்பு நாட்குறிப்பு

2024 மார்ச் 3, ஞாயிறு. ஹாரோ, லண்டன்

குளிர்காலம் முழுவதும் கராஜில் நின்ற வண்டியைத் தெருவுக்கு எடுக்கும் முன் இன்று பிரேக்கைச் சோதித்தேன். என்ஜினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு அணைத்துவிட வேண்டும். பிறகு சாவியை மட்டும் திருப்பி வைத்து, எச்சரிக்கை விளக்கு எரியும்வரை பிரேக்கை மிதித்து எண்ண வேண்டும். நல்ல நிலையில் உள்ள வண்டி நாற்பது மிதிக்கு மேலும் தாங்கும். இன்று பத்துக்குள்ளேயே விளக்கு எரிந்தது.

இந்த வண்டியை வாங்க ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் என்னிடம் என்ஜினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். 6.75 லிட்டர் வி8 என்ஜின் எளிதில் சாகாது. அவர்கள் கேட்க வேண்டியது பிரேக்கைப் பற்றி. சிட்ரோயன் நிறுவனத்திடம் உரிமம் பெற்று ரோல்ஸ் ராய்ஸ் இதில் பொருத்திய அமைப்பு அது. என்ஜினின் வால்வுகளைத் திறக்கும் சுழல் தண்டான கேம் ஷாஃப்ட் இரண்டு சிறிய பம்புகளையும் இயக்கும். அவை சதுர அங்குலத்துக்கு 2,000 பவுண்டுக்கு மேல் அழுத்தம் கொடுக்கும். நைட்ரஜன் அடைத்த இரண்டு உருண்டைகள் அந்த அழுத்தத்தைச் சேமித்து வைத்திருக்கும். பின் இருக்கையில் எத்தனை பேர் ஏறினாலும் வண்டியின் பின்பக்கம் தாழாமல் சமன் செய்வதும் இதே அழுத்தம்தான். உருண்டைக்குள் ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. வண்டி ஓடினாலும் நின்றாலும் அதற்கு வயதாகிக்கொண்டே இருக்கும்.

விளக்கு எரிந்தபின் இரண்டு டன் எடையுள்ள வண்டியைத் தெருவில் இறக்க மாட்டேன். கதவைப் பூட்டிவிட்டேன்.

மார்ச் 16, சனி

இழுவை வண்டியில் ஏற்றி, இந்த வகைக் கார்களை மட்டுமே பழுதுபார்க்கும் பட்டறைக்கு அனுப்பினேன். கூலி மணிக்கு 90 பவுண்டுக்கு மேல். அதற்கு மேல் 20 சதவீத வரி.

இரண்டு உருண்டைகளையும் புதுப்பிக்க வேண்டும். ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். பழைய குழாய் ஒன்றை வளைத்துக் காட்டினார். வெளியே வெடிப்பே தெரியவில்லை. உள்ளே வீங்கி, எண்ணெய் போகும் வழி ஊசித்துளையாகிவிட்டிருந்தது. பிரேக்கை விட்டபின்னும் சக்கரம் பிடித்துக்கொண்டே இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாம்.

எண்ணெயைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இதற்குரியது ஆர்.ஆர். 363 என்ற வகை. பம்புகள் தேயாதபடி வழவழப்பூட்டும் பொருள் அதில் கலந்திருக்கிறது. கடையில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண பிரேக் எண்ணெயை ஊற்றினால் பம்புகள் தேய்ந்து கெடும். 1980இல் வந்த அடுத்த மாடலான சில்வர் ஸ்பிரிட்டுக்கு உரிய தாது எண்ணெயை இதில் ஊற்றினால் அமைப்பிலுள்ள ரப்பர் அனைத்தும் வீங்கி நாசமாகும். இவ்வளவு கவனமாகத் தேர்ந்து ஊற்றினாலும் 363 காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் ஆயிரம் மைல்கூட ஓடாத வண்டிக்கும் காலம் பார்த்து எண்ணெய் மாற்றியே ஆக வேண்டும். எனக்கு முன் வைத்திருந்தவர்களின் ரசீதுக் கட்டில் மெருகு, மெழுகு, தோல் இருக்கைக்கான களிம்பு எல்லாம் இருக்கின்றன. பல வருடங்களுக்கு இந்த எண்ணெயின் ரசீதைத்தான் காணவில்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

நாற்பது வயது கடந்த வண்டிக்கு இந்த நாட்டில் சாலை வரி இல்லை. வரலாற்று வாகனமாகப் பதிந்திருப்பதால் லண்டனின் புகைக் கட்டணமும் இல்லை. 2018 மே முதல் வருடாந்தரத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. வரிச் சலுகையை நன்றியோடு ஏற்றுக்கொள்கிறேன். சோதனை விலக்கை மட்டும் என் மனம் ஏற்கவில்லை. சட்டம் கேட்காவிட்டாலும் ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோவேன். பிரேக் விளக்கு எரியும் வண்டி பள்ளிக்கூட வாசல் வழியாகப் போகுமுன் அதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஆண்டுச் சோதனையைச் சட்டம் கேட்காமல் விட்டிருப்பது தவறு.

ஏப்ரல் 27, சனி

வண்டி வீடு திரும்பியது. உருண்டை, குழாய், எண்ணெய், கூலி எல்லாம் சேர்ந்து ஐந்தாயிரம் பவுண்டை நெருங்கியது. வேலை சுத்தம். சோதனையில் மிதித்து மிதித்துக் கால்தான் அலுத்தது, விளக்கு எரியவில்லை.

பிற்பகலில் மனைவியின் மாமா வந்தார். யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனர்களையும் ஒஸ்ரின் ஏ40களையும் பிரித்துப் பூட்டியே வாழ்ந்தவர். போர்க்காலத்தில் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது, கொஞ்சம் பெற்றோலால் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவைத்த கார்கள் அவை. பிரேக் பம்புகளைக் குனிந்து பார்த்துவிட்டு, "இதிலே நான் கை வைக்க மாட்டேன், தம்பி" என்றார். காற்றையும் பெற்றோலையும் கலந்து என்ஜினுக்குள் அனுப்பும் கார்புரேட்டர்களைக் கண்டதும் முகம் மாறியது. "இது எஸ்.யு. கார்புரேட்டர் அல்லவா? மைனரிலே ஒன்று, இதிலே இரண்டு."

தோட்டத்துக் குழாயில் ஒரு துண்டை வெட்டித் தரச் சொன்னார். அதன் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயருகே பிடித்து, காற்று இழுபடும் சீறலை மாறி மாறிக் கேட்டார். இரண்டின் சீறலும் ஒன்றாகும்வரை திருகாணியைக் கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திருப்பினார். பிறகு உள்ளிருக்கும் பிஸ்டனை ஒரு மயிரிழை உயர்த்தினார். என்ஜின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். தடுமாறி அணையப் பார்த்தால் குறைவு. சற்றே கூடிப் பழைய வேகத்துக்குத் திரும்பினால் சரி என்றார். பிஸ்டன் தண்டின் மேல் குழியில் எண்ணெய் வற்றியிருந்ததையும் அவரே கண்டு நிரப்பினார். வண்டி கிளம்பும்போது இருந்த திணறல் போய்விட்டது. பட்டறையில் இதற்கு இரண்டு மணி நேரக் கூலி போட்டிருப்பார்கள். இவ்வளவு பொறுமையாகச் செய்திருப்பார்களா என்பது சந்தேகமே.

புறப்படும் முன் ரப்பர் குழாயொன்றை நகத்தால் கீறி, "பெற்றோல் கசியுது போல" என்று காட்டினார். 2021 செப்டம்பர் முதல் இங்கே சாதாரணப் பெற்றோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பரை அது அரித்துவிடும். நான் ஐந்து சதவீத உயர்ரகப் பெற்றோலையே ஊற்றுகிறேன். ஆனாலும் சூடான வி8 மேல் ஒரு சொட்டு விழுந்தால் போதும், வண்டியே எரிந்துவிடும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களை இரவே வரவழைக்கச் சொல்லிவிட்டேன்.

மே 25, சனி

ஆண்டுச் சோதனையில் வண்டி தேறியது. ஆனால் இடப்பக்கக் கதவுக்குக் கீழே, பின் சக்கர வளைவுக்கு முன்னால் துரு. கதவுகளும் முன், பின் மூடிகளும் அலுமினியம். மற்ற உடல் எஃகு. இதற்கு முந்தைய ரோல்ஸ் ராய்ஸ்களைப் போலத் தனிச் சட்டகம் கிடையாது. வண்டியின் பாரத்தை உடலே தாங்குகிறது. ஆகவே கதவுக்குக் கீழே துருப்பிடித்தால் முதுகெலும்பில் துருப்பிடித்ததாகத்தான் கொள்ள வேண்டும். மேலே பட்டி பூசிச் சாயம் அடித்து விற்றுவிடுகிறவர்கள் உண்டு. இந்த இடத்திலும் யாரோ பட்டி பூசியிருக்கிறார்கள், காந்தம் ஒட்டவில்லை.

ஜூன் 15, சனி

வெட்டிப் புது எஃகு வைத்துப் பற்றவைக்க இரண்டு இடங்களில் விலை கேட்டேன். குறைந்த விலை சொன்னவர் பழைய தகட்டின் மேலேயே ஒட்டுப் போடுவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். மற்றவருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று; செப்டம்பரில் வண்டியை எடுத்துக்கொள்கிறார். அதுவரை வாரம் ஒருமுறை ஓட்டுவேன். என்ஜின் பிளாக்கின் பக்கத்திலுள்ள கசிவுத் துளைகளையும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். அங்கே ஈரம் தெரிந்தால் சிலிண்டருக்குள் இருக்கும் உறையின் (லைனர்) அடியிலுள்ள ரப்பர் வளையம் போய்விட்டது என்று பொருள். என்ஜினைப் பிரிக்காமல் அதற்கு வேறு வழியில்லை. இன்று எல்லாத் துளைகளும் உலர்ந்திருந்தன.