லோன் கம்பனி வேலையும் வெள்ளிக்கிழமை உபவாசமும்

லோன் கம்பனியில் ஃபீல்ட் ஒபிசராக வேலை செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், மாதக் கடைசி வந்தால் வயிற்றுக்குள் என்ன செய்யும் என்று சொல்வார்கள். கிளிநொச்சியில் அப்படியான ஒரு கம்பனியில் சில வருடங்கள் இருந்தேன். 2009க்குப் பிறகு ஏ9 வீதி திறந்து, சனம் மீள்குடியேறி, தகரக் கொட்டிலில் இருந்து கல்வீட்டுக்கு மாறத் தொடங்கிய காலத்தில்தான் இந்தக் கம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வன்னிக்குள் வந்தன. பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கு மற்றவர் பிணை நிற்கவைத்து, கிழமைக்கு ஒருநாள் யாராவது ஒருவரின் வீட்டு முற்றத்தில் கூடிக் காசு கட்டவேண்டும். கோழி வளர்க்க, சிறுகடை போட, கிணறு வெட்ட என்று எடுத்த காசு. 2016, 2017 வறட்சியில் வயலும் தோட்டமும் படுத்துவிட, ஒரு கம்பனியின் லோனைக் கட்ட இன்னொரு கம்பனியில் லோன் எடுக்கிற நிலைக்கு அந்தப் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்த்துக் கட்டவேண்டும் என்பதால் அயலுக்குள் கதை பேச்சு நின்றுபோன வீடுகள் உண்டு.

எங்களுக்கு வந்த உத்தரவு, கட்டாத ஆளின் வீட்டில் போய் இரு, காசு வரும்வரை எழும்பாதே. கணவன் இல்லாத, காணாமல் போன வீடுகளுக்கு என்னைத்தான் கூடுதலாக அனுப்பினார்கள். பெண் போய் இருந்தால் முறைப்பாடு வராது என்று ஒரு கணக்கு. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு இன்னொருவர் வளவுக்குள் கதிரை போட்டு உட்கார்ந்து, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, தாயிடம் காசு கேட்பது தேவனுக்கு முன்னால் சரியில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அதை மனேஜரிடம் சொல்லத்தான் பயம். தம்பி படித்துக்கொண்டிருந்தான், வீட்டில் வந்த ஒரே சம்பளம் என்னுடையது, இந்தப் பக்கத்தில் வேறு வேலை தேடுவதும் லேசில்லை.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமைகளில் உபவாச ஜெபம். வேலை நாள் என்பதால் பகலில் போய் இருக்க முடியாது. வயலும் வெயிலுமாக மோட்டார் சைக்கிளில் விசுவமடுப் பக்கம் ஓடித் திரிகிறவள் தண்ணீரையும் விடமுடியாது. அதனால் தண்ணீர் மட்டும் குடித்து, காலையும் மதியமும் விட்டு, வேலை முடிந்து சபைக்குப் போவேன். ஒபிசில் ஒருவருக்கும் சொல்வதில்லை. உபவாசிக்கும்போது தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவு என்று இயேசு மத்தேயு 6இல் சொன்னது, வேலைக்குப் போகிறவர்களுக்காகவே சொன்னது போல இருக்கும் எனக்கு.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. அம்மாவின் பக்கம் கத்தோலிக்கர், தபசு காலத்தில் ஒருசந்தி (ஒருநேரச் சாப்பாடு) பிடித்து வளர்ந்தவர்கள், மடுத் திருவிழாவுக்கு நடந்து போனவர்கள். ஆனால் முள்ளிவாய்க்காலில் உப்பும் இல்லாத கஞ்சிக்கு வரிசையில் நின்ற பிறகு அம்மா வீட்டில் யாரும் ஒரு நேரம் சாப்பிடாமல் இருப்பதைப் பார்க்கமாட்டார். "அந்தக் கஞ்சியைக் குடிச்சுக் கிடந்தது காணாதே பிள்ளை, இனியும் ஏன் பட்டினி?" என்று கேட்டார். சரியான கேள்விதான், அதற்கு நான் அவசரமாகப் பதில் சொல்லவில்லை. பட்டினியில் எந்தப் புண்ணியமும் இல்லை. எங்கள் சனத்தைப் பட்டினி போட்டவர்கள் எங்களைப் பரிசுத்தமாக்கவில்லை, வதைத்தார்கள். உபவாசத்தில் கதவு என் பக்கம் திறந்திருக்கிறது, சோறு அடுப்படியில் இருக்கிறது, நானாகத்தான் தேவனுக்காக ஒத்திவைக்கிறேன். அப்படிப் பல வெள்ளிக்கிழமைகள் போன பிறகு ஒன்று விளங்கியது. என்னை அந்தக் கம்பனி பிடித்து வைத்திருந்தது வயிற்றில்தான். சம்பளம் இல்லாவிட்டால் என்ன சாப்பிடுவாய் என்ற அந்தக் கேள்வியைத் தேவனுக்கு முன்னால் நானே எடுத்து வைத்து, பசியோடு இருந்து பார்த்த பிறகு, அதே கேள்வியை மனேஜர் கேட்டால் அதில் பழைய பலம் இருக்காது. பயம் போய்விடவில்லை. ஆனால் பயத்தோடு போகலாம் என்று வந்துவிட்டது.

பைபிளில் நெகேமியாவை நான் அந்த நாட்களில்தான் ஒழுங்காக வாசித்தேன். அவரும் ஒரு வேலைக்காரர், அர்தசஷ்டா ராஜாவின் பானபாத்திரக்காரர். எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டு அழுது, உபவாசித்து, மன்றாடி, ஏறக்குறைய நான்கு மாதம் கழித்துத்தான் ராஜாவிடம் வாய் திறக்கிறார். அப்போதும் 'மிகவும் பயந்து' என்று தானே எழுதிவைத்திருக்கிறார்! அந்த இடத்திலேயே மனதுக்குள் ஒரு ஜெபம், உடனே பதில். எனக்கு இன்னும் பெரிதாகப் பட்டது ஐந்தாம் அதிகாரம். சனங்கள் வயலையும் வீட்டையும் அடகு வைத்து, பிள்ளைகளை அடிமையாக விட்டுக் கதறுகிறார்கள். அதே நெகேமியா பெரியவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, நூற்றுக்கு ஒன்று வாங்கிய வட்டியைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறார். எங்கள் நாட்டில் 2018இல் அரசாங்கம் நுண்கடன் வட்டிக்கு வருடம் நூற்றுக்கு 35 என்று ஒரு வரம்பு போடவேண்டி வந்தது, அப்படியென்றால் அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள்.

ஏசாயா 58ஐ உபவாசக் கூட்டங்களில் அடிக்கடி வாசிக்கிறார்கள், ஆனால் வேலைக்காரரை வருத்திக்கொண்டு உபவாசிக்கிறீர்கள் என்று அந்த அதிகாரம் கடிந்துகொள்ளும் இடத்தைப் பலர் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். நுகத்தடியை அவிழ்ப்பதுதான் எனக்குப் பிரியமான உபவாசம் என்று கர்த்தர் சொன்ன பிறகு, வெள்ளிக்கிழமை ஜெபித்துவிட்டு சனிக்கிழமை ஒரு விதவையின் முற்றத்தில் போய் இருக்க என்னால் முடியாது.

சரி, மனேஜரிடம் போனேன். ஆறு மணிக்குப் பிறகு யார் வீட்டிலும் இருக்கமாட்டேன் என்றும், என் சென்டர்களில் (என் பொறுப்பில் இருந்த குழுக்களில்) கட்டமுடியாமல் இருக்கிறவர்களுக்குக் கட்டுக்காசைக் குறைத்துக் காலத்தை நீட்டிக் கொடுங்கள் என்றும், பெயர், பாக்கி, வீட்டு நிலைமை எல்லாம் எழுதிக் கொடுத்தேன். "உமக்கு வேலை வேணுமோ வேண்டாமோ?" என்று கேட்டார். வேண்டும் சேர், ஆனால் இப்படி வேண்டாம் என்றேன். குரல் நடுங்கியது. கத்தினார், என்னுடைய ரூட்டை மாற்றினார், அந்த மாதம் இன்சென்டிவ் இல்லை. சிலருக்கு மட்டும் தவணையை நீட்டினார்கள், எல்லோருக்கும் இல்லை. அதில் விடுபட்ட ஒரு அக்கா தோட்டைக் கொண்டுபோய் அடகு வைத்தார். உபவாசம் இருந்தேன், எல்லாம் சரியாகிவிட்டது என்று சாட்சி சொல்ல எனக்கு வராது.

இடையில் ஒன்று சொல்லவேண்டும். அந்த சென்டரில் இருந்த பெரும்பாலானவர்கள் சைவர்கள். நான் சாப்பிடாமல் திரிவதை எப்படியோ கண்டுபிடித்த ஒரு அம்மா, "நாங்களும் வற்றாப்பளை அம்மாளுக்கு விரதம் இருக்கிறனாங்கள் மிஸ், உங்கட ஆண்டவரிட்ட எங்களையும் சொல்லுங்கோ" என்றார். அவர்களுக்காக ஜெபிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, என்னோடு நிற்கிற ஆக்கள் அவர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. பைபிளில் தன் சனத்துக்காக ராஜாவிடம் போன எஸ்தரும் தனியே உபவாசித்துப் போகவில்லை, சூசானில் இருக்கிற யூதர் எல்லோரும் மூன்று நாள் எனக்காக உபவாசம் இருங்கள் என்று கேட்டுவிட்டுத்தான் 'நான் செத்தாலும் சாகிறேன்' என்றாள். அந்த வசனத்தின் பின்பாதியை மட்டும் தூக்கிப் பிரசங்கிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பிறகு அந்த வேலையை விட்டு, இப்போது ஒரு சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் குறைவு. வெள்ளிக்கிழமை உபவாசம் தொடர்கிறது, சுகர், பிரஷருக்கு மருந்து எடுக்கிற பெரியவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்து ஜெபத்தில் மட்டும் இருக்கிறார்கள், அதுதான் புத்தி. பழைய வேலையில் என்னோடு இருந்த ஒரு தம்பி இன்னும் ஒரு லோன் கம்பனியில்தான் இருக்கிறான். இரவில் வீடுகளுக்குப் போகமாட்டேன் என்று சொல்லப்போவதாகப் போன கிழமை போன் எடுத்தான், வீட்டில் கைக்குழந்தை, நல்ல பயம். வருகிற வெள்ளி அவனுக்காக நாங்கள் சிலர் இருக்கிறோம். திங்கட்கிழமை காலை அவன் மனேஜரிடம் போகிறான்.